ஏழு பேர் வண்டி

ரோட்டோரம் ஒரு பெண் சாப்பாட்டுப் பையோடு நின்றால் போதும், அக்காவின் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். வண்டிக்குள் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறோம் என்பதெல்லாம் அந்தக் காலுக்குத் தெரியாது. கண்ணாடியை இறக்கி, "எந்தக் கம்பெனிம்மா?" என்பார். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் பக்கம் திரும்பி, "கொஞ்சம் நவுந்துக்குங்க. இன்னா இப்போ, ஒர்த்திதானே" என்பார். நகர இடமே இருக்காது, ஆனாலும் நகர்வோம். கதவு சாத்தாது. அக்கா இறங்கி வந்து கதவுக்கு இடுப்பை முட்டுக் கொடுத்துக்கொண்டு, "எல்லாரும் மூச்ச வுடுங்கடி!" என்று சத்தம் போடுவார். எல்லாரும் ஒன்றாக மூச்சை வெளியே விடும் நேரம் பார்த்துக் கதவைச் சாத்திவிடுவார். அதற்குப் பிறகு கம்பெனி வாசல் வரைக்கும் யாரும் முழு மூச்சு இழுக்க முடியாது.

நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த புதிது அது. பெரிய கம்பெனிகளுக்கு ஏசி பஸ் உண்டு. நாங்கள் அந்தப் பெரிய கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன பாகம் செய்து கொடுக்கிற இடத்தில் காண்டிராக்ட் ஆட்கள். எங்களுக்கு பஸ் இல்லை. மாத்தூரில் வாடகை அறை எடுத்துத் தங்கியிருந்தோம். கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போகிற ரோட்டில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடப்போம், இல்லையென்றால் வருகிற ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொள்வோம். அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்த வெள்ளை வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது. பழைய வண்டி. ஏழு பேர் உட்காரலாம் என்று பெயர். நான் ஏறும்போதே உள்ளே எட்டுப் பேர் இருந்தார்கள்.

அக்கா உள்ளூர்க்காரர். அவர்கள் நெல் போட்டிருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பெனியின் மதில் ஓடுகிறது. வண்டியை முதலில் ஓட்டியது அவருடைய வீட்டுக்காரர். சர்க்கரையில் அவருக்குக் கண் மங்கிப் போனதும் அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தார். "டிராக்டர் ஓட்னவளுக்கு இது ஒரு வண்டியா?" என்பார். வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஷிஃப்டுக்கு எங்களை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போகும்போது கழுத்தைச் சாய்த்துக் கேட்பார்.

"இன்னிக்கி எத்தினி?"

"ஏழு."

"பொய் சொல்லாத. வண்டி அழுவுது."

அக்கா சிரித்துக்கொண்டே கியரை மாற்றுவார்.

ஒருமுறை ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணை ஏற்றினார். அவளுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு இந்தி தெரியாது. அவள் கையில் காண்டிராக்டர் கொடுத்த ஒரு அடையாள அட்டை இருந்தது, கம்பெனி பெயர் அதில் இல்லை. அக்கா அதில் இருந்த படத்தைக் காட்டி ஒவ்வொரு வாசலாகப் போய் வாட்ச்மேனிடம் விசாரித்தார். சரியான வாசல் கிடைப்பதற்குள் எங்கள் எல்லாருக்கும் நேரம் ஆகிவிட்டது. சூப்பர்வைசர் வரிசையாக நிற்க வைத்துத் திட்டினார். சாயங்காலம் வண்டியில் ஏறியதும் நான் கொஞ்சம் காட்டமாகவே கேட்டேன்.

"ஏங்க்கா, அவளை மொத வாசல்லயே இறக்கி விட்டிருக்கலாம்லா?"

"நிக்கறவ மூஞ்சிய பாத்தியா நீ? அத பாத்துகினே எப்டிடி போறது?"

அதற்கு மேல் அவரிடம் காரணம் கிடையாது. 

இப்படி ஏற்றி ஏற்றி வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் டயர் மட்கார்டில் உரசி ரப்பர் வாடை வரும். எங்கள் கம்பெனி வாசலுக்கு முன்னால் ஒரு பெரிய வேகத்தடை உண்டு. அது வந்ததும் நாங்கள் எல்லாரும் இறங்கிக்கொள்வோம். அக்கா காலி வண்டியை அதன் மேல் ஏற்றி இறக்குவார். அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறிக்கொள்வோம். வாசலில் நிற்கிற செக்யூரிட்டிகளுக்கு அது தினமும் ஒரு வேடிக்கை.

கடைசியில் வாலாஜாபாத் ரோட்டில் இருக்கிற மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனார். அக்காவுக்கு ஒருவகையில் தம்பி முறை அவர். கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஸ்பிரிங்கு செத்துப் போச்சுக்கா. ஷாக் அப்சார்பர்ல ஆயில் ஒழுவுது. இது ஆளு ஏத்தற வண்டியா, ஜல்லி ஏத்தற வண்டியா?"

"வேற போடு."

"கம்பெனி மாடலே போட்டா ஆறு மாசத்துல திரும்பவும் வருவ. வெளி மாடல் ஒண்ணு கீது. ஸ்பிரிங்கு ஒசரத்த ஏத்தி எறக்கலாம், ஷாக்கையும் இறுக்கமா லூசா வெச்சுக்கலாம். பசங்க வண்டிய தரையோட ஒட்ட வெக்கறதுக்கு வாங்குவானுங்க. மேல தூக்கறதுக்கு கேக்கறது நீ ஒர்த்திதான்."

அந்தச் சாமான் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். பாரத்தோடு வைத்துத்தான் உயரம் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தாராம். நாங்கள்தான் பாரம். அக்கா ஒரு பெரிய தூக்கில் புளிசோறும் பொரித்த அப்பளமும் எடுத்து வந்திருந்தார். சுற்றுலா போல இருந்தது எங்களுக்கு.

வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே முட்டுக் கொடுத்து, பின் சக்கரங்களைக் கழற்றினார் மெக்கானிக். ஷாக்கின் அடி போல்ட் துருப்பிடித்துப் போயிருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, பிறகு ஒரு இரும்புக் குழாயை ஸ்பானரில் சொருகி முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினார். அது சத்தத்தோடு விட்டது. அச்சை மெதுவாகக் கீழே இறக்கியதும் பழைய ஸ்பிரிங் தானாகவே கையோடு வந்துவிட்டது. புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழையது ஒரு கை அகலம் குள்ளமாக இருந்தது. புதிய ஸ்பிரிங்கின் அடியில் மரை போட்ட ஒரு தடித்த வளையம். அதைத் திருகினால் ஸ்பிரிங் மேலே ஏறும், எதிர்ப்பக்கம் திருகினால் இறங்கும். ஷாக்கின் தலையில் ஒரு சின்னத் திருகு. அதைத் திருப்பும்போது 'டிக் டிக்' என்று விரலுக்குத் தெரிந்தது. அக்கா அதைக் குழந்தைக் கிலுகிலுப்பை மாதிரி காதோரம் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

எல்லாம் மாட்டிச் சக்கரம் பூட்டி இறக்கியதும் நாங்கள் ஏறினோம். மெக்கானிக் டேப்பைப் பிடித்துச் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அளந்தார். எங்களை இறங்கச் சொல்லிவிட்டு, வண்டியைத் தூக்கி, கொக்கி ஸ்பானரால் வளையத்தைத் திருகினார். மறுபடி ஏறச் சொன்னார். ஏறி இறங்கிச் சிரித்தே எங்களுக்கு வயிறு வலித்தது.

"ஏழு பேருக்கு வெச்சிருக்கன்க்கா" என்றார்.

"பத்துக்கு வெய்."

"பத்து பேர ஏத்தக் கூடாது."

"நீ வெய்யி. நான் ஏத்தல."

நாங்கள் ஓவென்று சிரித்தோம். மெக்கானிக் சிரிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஸ்பிரிங்கு தூக்கும்கா. பிரேக்கு அதே பிரேக்குதான். டயரும் அதேதான்."

"அத நான் பாத்துக்கறன்" என்று அக்கா சொல்லிவிட்டு எங்களுக்குப் புளிசோறு போட ஆரம்பித்தார். மெக்கானிக் மறுபடி வண்டிக்கு அடியில் போனார். வளையம் இன்னும் சில சுற்று ஏறியது.

மறுநாள் காலை வேகத்தடையில் யாரும் இறங்கவில்லை. வண்டி ஏறி இறங்கியது, கீழே ஒன்றும் உரசவில்லை. நாங்கள் கை தட்டினோம். செக்யூரிட்டிகளும் கை தட்டினார்கள். அக்காவின் முகத்தில் அன்றிருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்போ பின்போ பார்த்ததில்லை.

ஆனால் முன்பெல்லாம் 'போதும்' என்று வண்டியே சொல்லிவிடும். உரசும், முனகும், பின்பக்கம் தாழும். அக்கா கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டாவது இருக்கும். இப்போது எத்தனை பேர் ஏறினாலும் நிமிர்ந்தே நின்றது. ஒரு நாள் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சத்தமே காணோம். எனக்குக் கணக்குப் புரியல." அக்கா, "நல்ல சாமான் போட்டா அப்டித்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அன்று உள்ளே பதினொரு பேர்.

பேச்சியம்மாள் அந்தச் சமயத்தில்தான் வந்தாள். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். என் அறைக்கு அடுத்த அறை. வாய் திறந்து ஒரு உதவி கேட்க மாட்டாள். எங்களோடு ஏறக் கூச்சப்பட்டு, முன்னாலேயே கிளம்பி நடந்து போய்க்கொண்டிருப்பாள். அக்கா விடுவாரா? வளைவில் பிடித்து ஏற்றிவிட்டார். உட்கார நிஜமாகவே இடமில்லை. மறுநாள் ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கி வந்து முன்சீட்டுகள் இரண்டுக்கும் பின்னால், நடுவில் போட்டார். "இது உன் சிம்மாசனம்டி" என்றார். பேச்சிக்கு அந்த இடம் பிடித்துப்போனது. ரோடு முழுக்கத் தெரியும். அக்காவுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பாள், கண்ணாடியைத் துடைத்துவிடுவாள். மெல்ல மெல்லப் பேசவும் தொடங்கினாள். அக்காவின் ஒரகடத்துப் பேச்சை அவள் சொல்லிக் காட்டினால் அக்கா ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரிப்பார்.

மழைக்காலத்தில் ஒரு காலை. ரோடு முழுக்கத் தண்ணீர். ஒரகடம் ஜங்ஷனுக்குச் சற்று முன்னால், எங்களுக்கு முன்னே போன டிரெய்லர் சட்டென்று நின்றது. நாங்கள் ஒன்றும் வேகமாகப் போகவில்லை. அக்கா நேரத்துக்குத்தான் பிரேக்கை மிதித்தார், அதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் உள்ளே இருந்த பாரம் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனது. அக்கா இரண்டு கால்களாலும் மிதித்துக்கொண்டு, "பிடிச்சுக்குங்க, பிடிச்சுக்குங்க" என்றார். நாங்கள் சீட்டைப் பிடித்துக்கொண்டோம், பக்கத்தில் இருந்தவளைப் பிடித்துக்கொண்டோம். முக்காலியில் இருந்தவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அவள் வலது கையை முன்னால் நீட்டினாள்.

டிரெய்லரில் மோதியதில் எங்களுக்கெல்லாம் உதடு கிழிந்தது, முட்டி வீங்கியது, அவ்வளவுதான். பேச்சிக்கு முழங்கையும் மணிக்கட்டும் நொறுங்கிப் போயின. ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்து கேட்டபோது, மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருந்த அவள், "நான் சீட்லதான் சார் இருந்தேன். அக்கா மேல தப்பில்ல" என்றாள். கதவோரம் நின்றிருந்த அக்கா உள்ளே வந்தார்.

"இல்ல சார். முக்காலில ஒக்கார வெச்சன். நான்தான் வெச்சன். பதினோரு பேர ஏத்துனன்."

"ஏம்மா, அந்தப் பொண்ணே இல்லன்னு சொல்லுது..."

"அவ பொய் சொல்றா சார். எழுதிக்குங்க."

லைசென்ஸைக் கொஞ்ச காலத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். பேச்சியின் கையில் தகடு வைத்தார்கள். எலும்பு சேர்ந்தது, விரல்கள்தான் முழுசாக மடங்கவில்லை. எங்கள் லைனில் எல்லாமே விரல் வேலை. காண்டிராக்டர் அவளை எடுக்கவில்லை. அவளுடைய அம்மா வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். பஸ் ஏற்றிவிட நாங்கள் எல்லாரும் போனோம். அக்கா வரவில்லை.

லைசென்ஸ் திரும்பி வந்ததும் அக்கா முதலில் போனது மெக்கானிக்கிடம். நானும் உடன் போனேன்.

"பழைய ஸ்பிரிங்கையே போட்டுடு" என்றார்.

"அத பழைய இரும்புக்கு போட்டு எத்தினி மாசம் ஆவுது!"

"அப்ப இத கீழ எறக்கு. கடைசி வரைக்கும் எறக்கு. கூட ஒரு ஆள் ஏறுனாலும் இடிக்கணும். எனக்கு கேக்கணும்."

மெக்கானிக் கீழே படுத்தார். வளையம் அடி மரை வரைக்கும் இறங்கியது.

அதன் பிறகு வண்டியில் இருக்கிற சீட்டுக்குத்தான் ஆள். ரோட்டோரம் யாராவது கை காட்டினால் அக்கா நேராகவே பார்த்து ஓட்டுவார். உதடு மட்டும் ஏதோ முணுமுணுக்கும். நாங்களும் வெளியே பார்க்க மாட்டோம். கால் நீட்டி உட்கார இடமிருந்தது, தாராளமாக மூச்சு விட முடிந்தது. ஆனால் அந்த வண்டியில் பேச்சே நின்றுபோனது. மற்றவர்கள் ஒவ்வொருவராக வேறு வழி பார்த்துக்கொண்டார்கள்.

பொங்கல் லீவுக்கு நான் ஊருக்குக் கிளம்பும்போது அக்கா கேட்டார்: "நான் வண்டிலயே வரன். அவ வூட்டுக்கு வழி காட்டுவியா?"

அவ்வளவு பெரிய வண்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம்.  என் ஊருக்கு முன்னாலேயே பேச்சியின் ஊருக்குத் திரும்பினோம். பேச்சி ஓடி வந்து வண்டிக் கதவை இடது கையால் திறந்தாள். வலது கையைத் தாவணிக்குள் வைத்திருந்தாள். அவளுடைய அம்மா கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அக்காவின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கா பேச்சியின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். மோதிர விரல் பாதியில் நின்றது. "வலிக்குதா?" என்றார். "இல்லக்கா" என்றாள். அக்கா அந்த விரலை விடாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் கிளம்பி வண்டிக்கு வந்தபோது பேச்சி உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள். துணியெல்லாம் எடுத்து வைத்து ஏற்கெனவே கட்டியிருந்த பை.

"அக்கா, நானும் வாரேன். ஒரகடத்துக்குத் திரும்பிப் போகையில என்னையும் கூட்டிட்டுப் போங்க. ஏதாவது வேலை கிடைக்கும். கேன்டீன்ல கூட நிப்பேன்."

அவளுடைய அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அப்போதுதான் அவர் அக்காவை நேராகப் பார்த்தார். 

அக்கா சாவியைத் திருகினார். "எடமில்ல கண்ணு" என்றார்.

பேச்சி வண்டிக்குள் பார்த்தாள். நானும் பார்த்தேன். பின் வரிசை இரண்டும் காலியாகக் கிடந்தன. என் பையும், அவளுடைய அம்மா கொடுத்த ஒரு ஓலைக் கொட்டான் கருப்பட்டியும் மட்டும் பின்னால் இருந்தன.  பேச்சி பையைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். வண்டி நகர்ந்தது.

ஊர் எல்லை தாண்டிய பிறகு அக்கா, "அவங்கம்மா மூஞ்சிய பாத்தியா?" என்று கேட்டார். "பாத்தேன்க்கா" என்றேன். 

அடுத்த வருஷமே அக்கா வண்டியை விற்றுவிட்டார். நான் கல்யாணமாகி மறைமலை நகருக்குக் குடிபோனேன். எப்போதாவது ஒரகடம் பக்கம் போனால் அக்காவைப் பார்க்காமல் வருவதில்லை. போனதும் முதல் கேள்வி, "அவ கை எப்டி கீது?" என்பதாகத்தான் இருக்கும். போன் பண்ணிப் பேசுங்கள் என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒரு மத்தியானம் நான் அவர் வீட்டில் இருக்கும்போது பேச்சியிடமிருந்தே எனக்குப் போன் வந்தது. தன் ஊரிலேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு இருப்பதாகச் சொன்னாள். இடது கையால் டைப் அடிக்கப் பழகிவிட்டாளாம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்காவைப் பாத்தா ஒண்ணு கேளுங்க" என்றாள் பேச்சி. "அவுகளுக்கு எம்மேல கோவமா? என்னாலதான போலீசு கேசுன்னு அலைஞ்சாக. அதான் அன்னைக்கு எடமில்லன்னு சொல்லிட்டாகளா?"

அக்காவின் கை கீரையில் அப்படியே நின்றது. நான் போனை அவர் பக்கம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு மெதுவாக என்னிடம் சொன்னார்: "கோவம் இல்லன்னு சொல்லு. பயந்துட்டன்னு சொல்லு."

நான் சொன்னேன். அக்கா பக்கத்தில்தான் இருக்கிறார் என்பது அவளுக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"எனக்கும் பயம்தான்க்கா" என்றாள் பேச்சி. "அம்மாகூட ஊருக்கு வந்து இறங்குனதுக்கப்புறம் இப்ப வரைக்கும் நான் பஸ்ஸுல ஏறுனதில்ல. எந்த வண்டி வந்து நின்னாலும் ஒதுங்கிப் போயிருதேன். உங்க வண்டின்னா ஏறிருவேன்னு நெனச்சுத்தான் அன்னைக்குப் பையைக் கட்டுனேன்."